தம்பலகாமக் குடாவோரச் சேற்றில் புதைந்த பட்டைச்சில்லு வாகனம்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்ற மாரியின் கடைப்பகுதியில், தம்பலகாமக் குடாவின் கிண்ணியாப் பக்கக் கரையோரமாகக் கண்டல் கன்றுகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த எட்டுச் சில்லு நீர்நில வாகனம் ஒன்று காலை பத்தே முக்கால் மணியளவில் சேற்றில் புதைந்து, மாலை ஆறு மணிக்குப் பின்னரே வெளியே வந்தது. எவருக்கும் காயம் ஏற்படவில்லை. வாகனமும் பெரிதாகப் பழுதடையவில்லை. எனினும், தண்ணீரிலும் தரையிலும் செல்லும் என்று நம்பி வாங்கப்பட்ட வாகனம் இவ்விரண்டிலும் அல்லாத ஓர் இடத்தில் ஏழு மணி நேரத்துக்கு மேல் அசையாது கிடந்தது ஏன் என்பதை முறையாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. அவ்வாகனத்தின் பராமரிப்புக்கும் சாரதிகளைப் பழக்குவதற்கும் பொறுப்பாயிருந்தவன் நான். அன்று ஓட்டியவர் என்னிடம் பழகிய இளைஞர். எனவே கீழே சொல்லப்படும் தவறுகளில் பாதி என்னுடைய கணக்கில் சேரும்.

இடம்

தம்பலகாமக் குடா, கொட்டியாரக் குடாவின் உட்புறமாகக் கிடக்கும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு. 2009 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் அதன் வாயிலைக் கடந்து செல்கிறது. அதற்கு முன்னர் அங்கே பாதை எனப்படும் மிதவைப் படகில்தான் ஏறி இறங்கினோம் என்பது என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாம வயல்களின் வடிநீர் இக்குடாவில் வந்து சேர்கிறது. வடகீழ்ப் பருவமழையின்போது அந்நீரோடு வரும் நுண்ணிய களிமண், அலையடிப்பில்லாத கரையோரங்களில் படிந்து, ஆண்டுக்காண்டு தடிக்கிறது.

இந்தச் சேற்றை வயற்சேற்றோடு ஒப்பிட்டுப் பார்த்ததிலிருந்துதான் எங்கள் பிழை தொடங்கியது. வயலில், தலைமுறை தலைமுறையாக உழுது மிதித்துச் சேறடித்ததனால், கொழு எட்டும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே இறுகிய ஒரு படை உண்டாகியிருக்கும். முழங்கால் வரை புதைகிறவனும் அந்தப் படையில் கால் ஊன்றி நிற்கிறான். இரும்புக்கூட்டுச் சில்லு பூட்டிய உழவு இயந்திரமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறது. குடாவோரத்தில் அப்படியொரு படை கிடையாது. உவர்ப்புல்லும் கண்டலின் நுண்வேர்களும் பின்னிய ஒரு சாண் தடிப்பான மேற்போர்வை இருக்கிறது. அதன் கீழே, நாங்கள் இறக்கிய ஒன்றரை மீற்றர் இரும்புக் கம்பி ஒரு கையின் அழுத்தத்திலேயே முழுவதும் உள்ளே போயிற்று. கம்பியை வெளியே எடுத்தபோது, இக்குடாவுக்கே பேர்போன, கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் தட்டைச் சிப்பியின் ஓட்டுத் துண்டொன்று நுனியில் ஒட்டியிருந்தது. இப்பரிசோதனையை வாகனம் புதைவதற்கு முன்னர் செய்திருக்க வேண்டும். நாங்கள் செய்தது மறுநாள்.

வாகனம்

பக்கத்துக்கு நான்காக எட்டுக் குறைந்த காற்றழுத்த டயர்கள், அவற்றின் மேல் இழுத்துப் பூட்டிய அகலமான இறப்பர்ப் பட்டைகள், தொட்டிபோன்ற பிளாஸ்டிக் உடல், முன்புறம் கம்பியைச் சுற்றி இழுக்கும் ஒரு மின் வின்ச் என்பவையே இதன் அமைப்பு. திருப்புவதற்குச் சில்லுகள் வளைவதில்லை. ஒரு பக்கப் பட்டையின் வேகத்தைக் குறைக்க, மற்றப் பக்கம் வாகனத்தைச் சுற்றித் தள்ளும். தண்ணீரில் பட்டைகளே துடுப்பாக வேலை செய்யும். வேகம் மனிதர் நடக்கும் வேகத்தைத் தாண்டாது.

அன்றைய நிறை, பட்டைகளுடன் வாகனம் ஏறக்குறைய 700 கிலோகிராம், ஆட்கள் இருவர் 140, ஈரமண் பைகளில் கன்றுகள் 240, எரிபொருளும் கருவிகளும் 40 என, மொத்தம் 1120 கிலோகிராம். இரு பட்டைகளும் மென்னிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 1.85 சதுர மீற்றர். ஆகவே நிலத்தின் மீதான சராசரி அழுத்தம் 6 கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவு. 65 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நடக்கையில் ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் கொடுக்கும் அழுத்தமோ 30 கிலோபாஸ்கலுக்கு மேல். இதனால் ஒரு விசித்திரம் உண்டாகிறது: மனிதர் இறங்கி நடக்க முடியாத இடத்துக்கெல்லாம் வாகனம் போகும், போன இடத்தில் அது நின்றுவிட்டால், அதை மீட்கவும் எவராலும் நடந்து போக முடியாது.

நிறையைப் பரப்பிச் சேற்றை வெல்லும் இந்த எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் புளோரிடாவில் சூறாவளி வெள்ளத்தில் சிக்கியவர்களைச் சதுப்புகளுக்குள் சென்று மீட்பதற்காக டொனால்ட் ரோப்ளிங் என்பவர் 1935 இல் அலுமினிய உடலும் துடுப்புப் பட்டைகளும் கொண்ட ஒரு வாகனத்தைச் செய்தார். பின்னாளில் போரில் கரையிறங்கப் பயன்பட்ட பட்டைச்சில்லு வாகனங்கள் அதன் வழிவந்தவையே. வெள்ளத்துக்கென்று பிறந்த கருவி போருக்குப் போய்விட்டு மீண்டும் எங்கள் வெள்ளக்கரைக்கு வந்திருக்கிறது என்று நான் சில வேளைகளில் நினைப்பதுண்டு. சுவீடனில் செய்யப்பட்ட பிவி 206 என்ற இரட்டைப்பெட்டி வாகனத்தைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்று நடந்தது

மணல் மேட்டிலிருந்து நடும் இடம் ஏறத்தாழ 300 மீற்றர். முதல் மூன்று நடைகளும் இடையூறின்றி முடிந்தன. முதல் நடையில் பட்டை பதிந்த தடம் நான்கு விரல் ஆழம்கூட இல்லை. வெற்று வாகனமாகத் திரும்பியதும் அதே தடத்தில்தான். மூன்றாவது நடை முடிந்தபோது தடம் ஒரு சாணை நெருங்கியிருந்தது; அதில் தேங்கிய நீர் தெளியாமல் கலங்கியபடியே நின்றது. நான் மேட்டில் நின்று அதைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

நான்காவது நடையில், ஏறக்குறைய பாதி வழியில், தடம் ஆழமாகிவிட்டதை உணர்ந்த சாரதி புதிய நிலத்துக்கு மாற எண்ணி இடப்புறமாகத் திருப்பினார். எண்ணம் சரியானதே, திருப்பிய இடமும் முறையும்தான் சரியில்லை. ஒரு சாண் ஆழமான இரண்டு வாய்க்கால்களுக்குள் நின்றபடி அவர் திருப்புபிடியை முழுவதுமாக இழுத்தார். இடப் பட்டை ஏறக்குறைய நின்றுவிட்டது. வலப் பட்டை வாய்க்காலின் சுவரை வெட்டி, வேர்ப்போர்வையை ஒரு பாய் கிழிவதுபோலக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கிற்று. மேட்டில் நின்ற எனக்கு அந்தக் கிழிசலின் ஓசைகூடக் கேட்டது. ஈரத்துணியைக் கிழிக்கும்போது எழும் ஓசை அது.

அதன் பின்னர் அவர் வேகமுடுக்கியை மிதித்தார். நானும் மேட்டிலிருந்து மிதி என்றுதான் கை காட்டினேன். ஏறக்குறைய இரண்டு நிமிடம் பட்டைகள் சுற்றின. கரிய சேறு பின்புறமாகக் குவிந்தது. வாகனம் முன்னே ஓர் அங்குலமும் நகராமல், பின்பகுதி மட்டும் ஒரு சாண் கீழிறங்கியது.

"அண்ணன், பெல்ட் சுத்துது, வண்டி போகுதில்ல" என்று அவர் கத்தினார். அதற்குள் வாகனத்தின் வயிறு சேற்றில் படிந்துவிட்டது.

ஏன் புதைந்தது

களிச்சேற்றில் இழுவிசை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்நிகழ்வை விளங்கிக்கொள்ள முடியாது. மணலில் உராய்வுதான் இழுவையைத் தருகிறது. நிறை கூடினால் பிடிப்பும் கூடும். நீர் நிறைந்த களியிலோ நிறைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. பட்டை தொடும் பரப்பை அந்தக் களியின் ஒட்டுவலிமையால், அதாவது களி தன்னைத்தானே பிடித்து நிற்கும் வலிமையால், பெருக்கினால் கிடைப்பதே அதிகபட்ச இழுவை. கலையாத மேற்போர்வையின் வலிமையை 6 கிலோபாஸ்கல் என்று கொண்டால், 1.85 சதுர மீற்றருக்கு 11 கிலோநியூட்டன் இழுவை கிடைக்கும். அது இவ்வாகனத்தின் முழு நிறைக்குச் சமம். அதே களி மிதிபட்டுக் கலைந்து வலிமை 1.5 கிலோபாஸ்கலாக இறங்கினால், இழுவை 3 கிலோநியூட்டனைக்கூட எட்டாது. முன்னே குவியும் சேற்றைத் தள்ளவே அது போதாது. புதைந்த வாகனத்தின் மேல் ஆட்களை ஏற்றி நிறையைக் கூட்டினால் பிடிக்கும் என்று கரையில் நின்ற ஒருவர் சொன்னார். மணலில் பயன்படக்கூடிய அந்த யோசனை இங்கே புதைவை மட்டுமே கூட்டியிருக்கும்.

களி கலைந்தால் வலிமை குன்றும் என்பது சேற்றில் வாகனம் ஓட்டுவோர் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய முதற் பாடம். அமெரிக்க இராணுவத்துக்காக விக்ஸ்பேர்க் நகரின் ஆய்வு நிலையத்தில் இதை அளப்பதற்கென்றே ஒரு முறையை வகுத்தார்கள்: கூம்பு முனைக் கம்பியொன்றை நிலத்தில் இறக்கி எதிர்ப்பை அளந்து, அதே மண்ணைக் குத்திக் கலைத்த பின்னர் மீண்டும் அளந்து, இரண்டுக்குமுள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். ஒரு வாகனம் ஒரே முறை போவதற்குத் தேவையான நிலவலிமை வேறு, அதே தடத்தில் ஐம்பது முறை போவதற்குத் தேவையானது வேறு என்று அவர்கள் இரண்டு எண்களைக் குறிப்பதும் இதனாற்றான். எங்கள் முதல் நடை கண்ட வெற்றி, ஒரு முறை போகலாம் என்பதற்கு மட்டுமே சான்று. நாங்கள் அதை எத்தனை முறையும் போகலாம் என்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது திருப்பம். இவ்வாகனத்தின் பட்டை தொடும் நீளம் ஏறத்தாழ 2 மீற்றர். இரு பட்டைகளின் நடுக்கோடுகளுக்கு இடையிலான அகலம் 1 மீற்றரைச் சற்றே தாண்டும். நீளம் அகலத்தைப்போல இருமடங்கை நெருங்க நெருங்க, வழுக்கித் திரும்பும் வாகனத்துக்குத் திரும்புவது கடினமாகிறது. ஏனென்றால் பட்டையின் முன்னும் பின்னும் பக்கவாட்டில் மண்ணை வாரித்தான் அது திரும்ப வேண்டும். நேராகப் போகையில் வேர்ப்போர்வையைத் தடவிச் செல்லும் அதே பட்டை, திரும்புகையில் அதைக் கலப்பைபோல வெட்டுகிறது. பிவி 206 இல் இந்தத் தொல்லை பெருமளவு இல்லை. அதன் இரு பெட்டிகளுக்கும் நடுவே உள்ள மூட்டை நீரியல் உருளைகள் வளைக்க, நான்கு பட்டைகளும் வேகம் குறையாமல் இழுத்துக்கொண்டே திரும்புகின்றன. எங்களிடம் அது இல்லை. ஆகவே பெரிய வட்டமாக, சிறிது சிறிதாக, கலையாத நிலத்தில் மட்டும் திருப்புவதே எங்களுக்குள்ள வழி.

மூன்றாவது, முடுக்கியை மிதித்தது. நழுவும் பட்டை, தோண்டும் பட்டை. வாகனம் நகராமல் பட்டை மட்டும் சுற்றினால் அது கீழே உள்ள மண்ணை எடுத்துப் பின்னால் எறிகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் எங்கள் குழியை நாங்களே வெட்டினோம். உடனே நிறுத்தி, வயிறு படியும் முன்னர் கன்றுகளை இறக்கியிருந்தால், வந்த தடத்திலேயே பின்வாங்கியிருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது நீர்மட்டம். அவ்வேளையில் சேற்றின் மேல் நான்கு விரல் நீர்தான் நின்றது. அரை மீற்றர் நீர் இருந்திருந்தால் வாகனம் மிதந்திருக்கும். நீரே இல்லாது சேறு காய்ந்திருந்தால் போர்வை தாங்கியிருக்கும். மிதக்கவும் போதாத, தாங்கவும் போதாத இந்த இடைப்பட்ட வளையந்தான் நீர்நில வாகனத்துக்கு மிகக் கெட்ட நிலம். விற்பனை அறிவித்தல்களில் வாகனம் ஆற்றில் மிதப்பதையும் காட்டில் ஏறுவதையும் காட்டுவார்கள். இந்த வளையத்தைக் காட்டுவதில்லை.

மீட்பு

முதலில் ஒரு நாலு சில்லு உழவு மெசினை அழைத்தோம். இரும்புக்கூட்டுச் சில்லு பூட்டி வந்த அது, மணல் மேடு முடிந்து பத்து மீற்றர் போவதற்குள் முன்னச்சு வரை இறங்கிற்று. ஊன்றிக்கொள்ள அடியில் இறுகிய படை இல்லை என்பதை அது எங்களுக்குச் சந்தேகமறக் காட்டியது. அதை மீட்பதிலேயே நண்பகல் கடந்தது.

இறால் பிடிக்கும் வள்ளத்தில் வந்த கிண்ணியா மீனவர் ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சேத்துல இருந்து காலை நேரா இழுத்தா வராது. குதிகாலை ஆட்டி, அடியில தண்ணி போக உட்டுட்டு எடுக்கணும். உங்கட வண்டிக்கும் அதான்."

"என்ன செய்யலாம் காக்கா?" என்று, மூத்தவரை இங்கு அழைக்கும் முறையில், கேட்டேன். அந்திக்குத் தண்ணீர் ஏறும், அதுவரை பொறுத்திருங்கள் என்றார்.

அவர் சொன்னதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். திருகோணமலைக் கடலின் ஏற்றவிறக்கம், பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாள்களிற்கூட, ஏறக்குறைய அரை மீற்றர்தான். அன்று குடாவுக்குள் ஒரு சாண் அளவு, அதாவது 20 சென்ரிமீற்றர், ஏறும் என்று எதிர்பார்த்தோம். வாகனத்தின் அடிப்பரப்பு 3.3 சதுர மீற்றர். நீர் அவ்வளவு ஏறினால் ஏறக்குறைய 660 கிலோகிராம் மேலுதைப்பு கிடைக்கும். கன்றுகளையும் ஆட்களையும் இறக்கிவிட்டால் மிஞ்சும் நிறை 740. வெறும் ஒரு சாண் நீர் வாகனத்தை அனேகமாகத் தூக்கிவிட வேண்டும். ஆனால் நீர் தன் அடியில் புகாத உடலைத் தூக்குவதில்லை. வயிறு சேற்றோடு ஒட்டிக் கிடக்கும்வரை, மேலே எவ்வளவு நீர் ஏறினாலும் அது பக்கங்களில் உயருமேயன்றி மேலுதைக்காது. கடைசியில் பின்விளிம்பைத் தாண்டி உள்ளே வழியும். காக்கா காலைப் பற்றிச் சொன்னது இதைத்தான்.

ஆகவே மூன்று வேலைகளை ஒருங்கே செய்தோம். கன்றுகளை வள்ளத்துக்கு மாற்றினோம். வயலுக்கு நீர் இறைக்கும் இரண்டங்குலப் பம்பை வள்ளத்தில் வைத்து, அதன் குழாய் நுனியில் ஒடுங்கிய இரும்புக்குழாயைப் பொருத்தி, வயிற்றின் இரு பக்கமும் அடியில் நீரைப் பீய்ச்சினோம். நங்கூரத்துக்கு ஏற்பாடு செய்தோம். கண்டல் மரங்களில் வடம் கட்டுவதில்லை என்று முன்னரே தீர்மானித்திருந்தோம். நடுவதற்கு வந்துவிட்டு நின்றதைப் பிடுங்குவது முறையன்று என்பதோடு, அவற்றின் ஆழமில்லாத வேர்கள் அந்த இழுவையைத் தாங்கவும் மாட்டா. வள்ளத்து நங்கூரங்கள் சேற்றைச் சீவிக்கொண்டு வந்துவிட்டன. கடைசியில் வாகனத்துக்கு முன்னே சாய்வாக ஏறத்தாழ 50 மீற்றரில் இருந்த மணல் திட்டில், ஒரு மீற்றர் ஆழமான குழி வெட்டி, பனங்குற்றி ஒன்றைக் குறுக்காகப் புதைத்து, வடம் மேல்நோக்கி இழுபடாதபடி அதற்குச் சரிவான வாய்க்கால் வெட்டிக் கட்டினோம்.

இழுவையின் கணக்கு இப்படி இருந்தது. மீட்புப் பணியில் வழங்கும் நடைமுறை விதியின்படி, சில்லளவுக்குப் புதைந்த வாகனத்தை இழுக்க அதன் நிறைக்குச் சமமான விசையும், உடலளவுக்குப் புதைந்ததை இழுக்க இருமடங்கும் தேவை. பட்டைகளும் உடன் சுற்றுமானால் தேவை ஏறத்தாழ நாற்பது வீதம் குறையும். அந்தக் குறைவைக் கணக்கில் சேர்க்காவிட்டால், எங்களுக்கு ஏறக்குறைய ஒன்றரைத் தொன் வேண்டியிருந்தது. வின்சின் வலு 1.36 தொன்; அதுவும் உருளையில் கம்பியின் அடியடுக்கு மட்டும் எஞ்சியிருக்கும்போதுதான். ஆகவே கம்பியை ஒரு கப்பியினூடாகத் திருப்பி வாகனத்தின் கொளுக்கியிலேயே மாட்டினோம். இழுவை இருமடங்காயிற்று, உராய்வுக்குப் பத்து வீதம் போனாலும் போதுமானதாயிருந்தது. கப்பியிலிருந்து பனங்குற்றி வரை வள்ளத்து வடம். கம்பியின் மேல் ஈரச்சாக்குகளைப் போட்டு, அதன் நேரிலும் அருகிலும் எவரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டோம். அறுந்து திரும்பும் கம்பி ஆளைக் கொல்லும்.

பட்டைகளுக்கு முன்னால் கிடுகுகளை இரண்டு மூன்று தட்டாக விரித்திருந்தோம். ஐந்தரை மணியளவில் நீர் பின்விளிம்புக்கு நான்கு விரல் கீழே வந்து நின்றது. பம்பின் குழாய் வலப்புறமாக உள்ளே போனபோது, வயிற்றின் அடியிலிருந்து பெரிய குமிழிகள் எழுந்தன. முட்டை அழுகிய நாற்றம் பரவிற்று. அடுத்த கணம் வாகனத்தின் பின்புறம், எவரும் இழுக்காமலே, ஒரு விரற்கடை மேலெழுந்தது. அதன் பிறகு வின்ச் இலகுவாகவே சுற்றியது. ஆறு மீற்றர் இழுத்ததும் கப்பியை முன்னகர்த்தி மீண்டும் கட்டினோம். மூன்றாவது இழுப்பில் பட்டைகள் கலையாத புல்வெளியைப் பிடித்தன. சாரதி முடுக்கியை மிகக் குறைவாக வைத்து, திருப்பாமல், நேராக மணல் திட்டில் ஏற்றினார்.

பின்னர்

அன்றிரவே நன்னீரால் கழுவினோம். அச்சுத் தாங்கிகள் மூன்றில் உவர்ச்சேறு புகுந்திருந்தது. பழைய கிறீசைத் தள்ளிப் புதியது ஏற்ற வேண்டியதாயிற்று. அடித்தள நீரிறைப்பான் வேர்த்துணுக்குகளால் முழுவதும் அடைபட்டிருந்ததைக் கண்டபோதுதான், பின்விளிம்பை நீர் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் எனக்கு வந்தது. காலையில் அதைப் பரிசோதித்ததாக ஏட்டில் என் கையொப்பம் இருக்கிறது. நான் கேட்டது மோட்டாரின் ஒலியை மட்டுமே.

இப்போது வேலை தொடங்குமுன் கம்பி இறக்கிப் பார்க்கிறோம். அதே இடத்தைக் குத்திக் கலைத்த பின்னர் இரண்டாவது முறையும் இறக்குகிறோம். ஒரு தடத்தில் போய் வருவது ஒரு முறை மட்டும். அடுத்த நடைக்கு ஒரு வாகன அகலம் தள்ளிப் புதிய வரிசை, அதைக் காட்டக் கரையிலிருந்தே கம்புகள். திருப்பத்துக்கென்று குறித்த இரண்டு இடங்கள் தவிர வேறெங்கும் திருப்புவதில்லை. பட்டை சுற்றி வாகனம் நகரவில்லையென்றால் மூன்று எண்ணும் நேரத்துக்குள் நிறுத்த வேண்டும். கரையில் நிற்பவர் கை காட்டினாலும் மிதிக்கக் கூடாது. கன்றுகளின் சுமை 120 கிலோகிராமாகக் குறைக்கப்பட்டதால் நடைகள் இருமடங்காகிவிட்டன. அதைப்பற்றிய முறைப்பாடு இன்னும் தீரவில்லை. பம்பும் கப்பியும் பனங்குற்றியும் மணல் மேட்டில் தார்ப்பாயின் கீழ் இருக்கின்றன. அதற்குப் பின்னர் அவற்றை ஒரு முறை எடுக்க வேண்டி வந்தது. அப்போது இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது.